மைனரின் ரிவர்ஸ் லைட்

எனது மொரிஸ் மைனரில் ரிவர்ஸ் லைட் எரிவதில்லை. புது எல்.ஈ.டி. பல்ப் போட்டும் பயனில்லை. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா? – வாசகர், பசறை

வேண்டாம், காசு மிச்சம்! முதலில் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள். டைனமோ உள்ள மைனர்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், சாதாரண எல்.ஈ.டி. அங்கே எரியாது. அடுத்தது சுவிட்ச். இந்தக் கார் ரிவர்ஸ் லைட்டோடு பிறந்ததல்ல, பிறகு யாரோ பூட்டியது. ஆகவே சுவிட்ச் டேஷ்போர்டுக்குக் கீழேயோ கியர் லீவர் பக்கமோ ஒளிந்திருக்கும். பியூஸைப் பார்த்துவிட்டு, சுவிட்சின் இரு வயர்களையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். எரிந்தால் சுவிட்சை மட்டும் மாற்றுங்கள். எரியாவிட்டால் விளக்கின் எர்த் வயரைக் கழற்றி, பாடியில் அது தொடும் இடத்தைச் சாண்ட் பேப்பரால் பளபளவெனத் தேய்த்துப் பூட்டுங்கள். உங்கள் ஊர் மழைக்கு அங்கேதான் துரு ஏறியிருக்கும்.