முட்டையிடும் பருவத்தில் தூண்டிலா?

கேள்வி: மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் இலையுதிர்காலத்தில் டிரவுட் மீன்கள் முட்டையிடுமாமே. அப்போது செயற்கை ஈ கட்டித் தூண்டில் போடுவது நியாயமா?

பதில்: நியாயம்தான், கால் வைக்கும் இடம் தெரிந்தால். அக்டோபர், நவம்பரில் முட்டையிடுவது பழுப்பு டிரவுட். வானவில் டிரவுட்டுக்கு அது வசந்தகால வேலை. கோடையில் நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பிடித்து மீண்டும் நீரில் விட்ட மீன் பிழைப்பதே கடினம். இலையுதிர்காலத்தின் குளிர்ந்த நீரில் எளிதில் தேறிவிடும். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மீன்தானே, அதற்கு ஏன் இத்தனை கரிசனம் என்பார்கள் சில தூண்டில்காரர்கள். அதைத் தேடித்தானே இவர்களும் போகிறார்கள்! உண்மையான கேடு தூண்டிலைவிடக் காலணியில் இருக்கிறது: சரளைக்குள் புதைந்த முட்டைகள் குளிர்காலம் முழுதும் அங்கேயே கிடக்கும், மிதித்தால் நசுங்கும். முட்டையிட்ட இடத்தைக் காட்டும், பாசி நீங்கி வெளிறிய சரளைத் திட்டுகளை விட்டு விலகி, மேகமூட்டமான பிற்பகலில் சிறு மேஃபிளை பூச்சிகள் பொரித்தெழும் ஆழமான நீரோட்டத்தில் வீசலாம்.