எண்ணெயும் எந்திரமும்

திருப்பூரில் ஒரு பனியன் முழு உருப்பெறுமுன் பலமுறை ஊர்தியேறுகின்றது. நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படும். பின்னிய துணி சாயச் சாலைக்குச் செல்லும். அங்கிருந்து அச்சிடும் இடத்துக்கும் வெட்டித் தைக்கும் இடத்துக்கும் போகும். இவ்வேலைகள் பெரும்பாலும் வெவ்வேறு கூடங்களில் நடைபெறுதலின், துணிச் சுருள்களைச் சுமந்த வேன்களும் டெம்போக்களும் தெருக்களில் ஓயாது ஓடுகின்றன. அவற்றுட் பல, ஆண்டு பல கண்ட டீசல் வண்டிகள். நகரின் தென்கிழக்கே காங்கேயத்திலோ, களங்களிற் கொப்பரை காய்கின்றது. ஆலைகளில் தேங்காயெண்ணெய் பெருகுகின்றது. காங்கேயத்து எண்ணெயால் திருப்பூர் வண்டியை ஓட்டலாகாதோ என்னும் வினா எழுவது இயல்பே.

எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர் அப்பெயர் தேங்காய், கடலை முதலியவற்றின் நெய்க்கும் பொதுவாகி, நிலத்தைத் துளைத்தெடுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உரியதாயிற்று. நம் முன்னோர் இலுப்பை நெய்யால் விளக்கேற்றினர். மாட்டுவண்டியின் அச்சுத் தேயாதிருக்க விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து மையாக இட்டனர். அச்சுக்கு மையாய் நின்ற எண்ணெய், வண்டியை ஓட்டும் ஆற்றலாகவும் நிற்கும் என்பதை உலகுக்கு முதலிற் காட்டியது, நம் கொங்கு நாட்டுச் செம்மண்ணிலும் விளையும் நிலக்கடலையேயாகும்.

டீசல் எஞ்சினை ஆக்கியவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியல் அறிஞர். அவருடைய முதல் எந்திரம் 1893ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாளிலேயே அது கடலையெண்ணெயால் ஓடிற்று எனப் பலர் எழுதுகின்றனர், அது பொருந்தாது. கடலையெண்ணெய்ச் சோதனை, 1900ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் நிகழ்ந்தது. பிரெஞ்சு அரசின் விருப்பத்திற்கிணங்க ஒரு சிறு எந்திரத்தை அவ்வெண்ணெயால் ஓட்டிக் காட்டினர். கனிம எண்ணெய்க்கென அமைந்த அவ்வெந்திரம், எம்மாற்றமும் இன்றி இனிது ஓடிற்றாம். வேற்றெண்ணெயால் ஓடுகின்றது என்பதைக் கண்டவர் மிகச் சிலரே என்று டீசலே பின்னாளிற் கூறியுள்ளார்.

இது எங்ஙனம் இயன்றது? டீசல் எஞ்சினில் தீப்பொறி மூட்டும் கருவி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்றை உந்து தண்டு நெருக்க, அக்காற்றுப் பெருவெப்பம் அடைகின்றது. அந்நேரத்தில் எண்ணெயைத் துளிப்படலமாகத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆதலின் நன்கு தெளிக்கத்தக்க எந்த எண்ணெயும் எரியும். இடர்ப்பாடு அந்தத் தெளிப்பிலேதான் இருக்கின்றது. தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடிப்புடையது. தடித்த எண்ணெய் பனிபோற் சிதறாமல் பெருந்துளியாய் விழும்; அரைகுறையாய் எரியும்; தொழிலாளர் நாசில் என்று வழங்கும் தெளிகுழல் வாயிற் கரி படியும். சின்னாள் ஓடிய வண்டி பின்னர்ப் புகை கக்கி நிற்பது இதனாலேயே. தேங்காயெண்ணெய்க்கு மற்றொரு குறையும் உண்டு. மார்கழிக் காலையில் புட்டியில் அது வெண்மையாய் உறைந்திருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தொட்டியிலும் அவ்வாறே உறையும்.

தடிப்பைக் குறைக்க இரு வழிகள் உள. வண்டியில் இரண்டு தொட்டிகளை அமைப்பது ஒரு வழி. டீசலால் எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின், எஞ்சினைக் குளிர்விக்கும் வெந்நீரைக் கொண்டே எண்ணெயைக் காய்ச்சி இளக்கி உட்செலுத்துவர்; நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவிவிடுவர். மற்றொரு வழி, வண்டியை விட்டு எண்ணெயையே மாற்றுவது. நூறு லிட்டர் எண்ணெயுடன் இருபது லிட்டர் மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்து அறுபது பாகை செல்சியஸ் அளவில் கலக்கினால், கனத்த கிளிசரின் அடியில் தங்கும். மேலே ஏறத்தாழ நூறு லிட்டர் உயிரி டீசல் தெளியும். இதனை வீட்டில் செய்து பார்க்க எண்ணற்க. மெத்தனால் கொடிய நஞ்சு. 2024ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சியில் பல உயிர்களைக் குடித்தது அதுவே.

உயிரி டீசலை ஏற்பதிலும் பழைய வண்டிக்கு நன்மை தீமை இரண்டும் உண்டு. அதன் எளிய பம்பு, புதிய வண்டியின் நுண்ணிய கருவிகளைப்போல் எளிதிற் சீர்கெடுவதில்லை. ஆனால் அதன் ரப்பர்க் குழாய்கள் உயிரி டீசலில் ஊறி இளகிவிடும். பல்லாண்டுகளாய்த் தொட்டியிற் படிந்த கசடு கரைந்து வந்து வடிகட்டியை அடைக்கும். ஆதலால் குழாய்களையும் வடிகட்டியையும் மாற்றவேண்டும்; வண்டியின் அமைப்பையே மாற்றுவதாயின் பதிவு அலுவலகத்தின் இசைவும் வேண்டும்.

எந்திரத்தின் செய்தி இவ்வளவே. எண்ணெய்க்கு எங்கே போவது என்பது அதனினும் கடினமான வினா. பசிபிக் கடலில் உள்ள பூகன்வில் தீவு 1990ஆம் ஆண்டு முதல் முற்றுகையிடப்பட்டு டீசல் வரத்து நின்றபோது, அத்தீவு மக்கள் தேங்காயெண்ணெயால் வண்டிகளை ஓட்டினர். அங்குத் தென்னை மிகுதி. வேறு வழியும் இல்லை. நம் நாட்டிலோ சமையலெண்ணெயில் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்து வருகின்றது; தேங்காயெண்ணெய் டீசலினும் விலை மிக்கது. உணவைக் கொளுத்தி ஊர்தி ஓட்டுவது இங்கு முறையாகாது.

உண்ணப்படாத எண்ணெய்வித்தைத் தேடியோர் காட்டாமணக்கைக் கண்டனர். அவ்வெண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசலை வாங்க ஆளுண்டு, தரிசிலும் அச்செடி தழைக்கும் என்ற உறுதிமொழியை நம்பிக் கோவை, ஈரோடு மாவட்டங்களிலும் உழவர்கள் அதனைப் பயிரிட்டனர். 2009ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது இவ்விரண்டிலிருந்தே. செடி உயிர் வாழ்ந்தது உண்மை. ஆனால் நீரும் உரமும் இன்றி அது வேண்டுமளவு காய்க்கவில்லை. உணவுப் பயிர் விளைந்த நிலத்தை அதற்குக் கொடுத்தவர் இருமுறை இழந்தனர். இதனைக் காட்டாமணக்கின் குற்றம் என்பதினும், சோதித்துப் பாராமல் வாக்களித்தவர்களின் குற்றம் என்பதே சால்புடைத்து.

எஞ்சியிருப்பது பொரித்துக் கழித்த எண்ணெய். 2018ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம், பலமுறை காய்ச்சிக் கெட்ட எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தலாகாது என வரம்பு வகுத்து, அதனைச் சேர்த்து உயிரி டீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கிற்று. ஆலைத் தொழிலாளர் நிறைந்த திருப்பூரில் தேநீர்க் கடைக்கும் பலகாரக் கடைக்கும் பஞ்சமில்லை. ஐம்பது கடைகள் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் கழிக்கின்றன எனக் கொள்வோம். அந்நூறு லிட்டர், லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் வேன்களை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும். நகரின் எல்லா வண்டிகளுக்கும் அது போதாது. சில வண்டிகளுக்குப் போதும். ஆனால் அவ்வெண்ணெய் எங்கும் வீணே கொட்டப்படுவதில்லை. பெரிய கடையில் கழித்ததைக் குறைந்த விலைக்கு வாங்கி, மறுபடியும் வடை பொரிப்போர் இருக்கின்றனர். உயிரி டீசல் செய்வோர் அவரினும் ஒரு காசு கூட்டிக் கொடுத்தாலன்றி, அவ்வெண்ணெய் வண்டிக்கு வாராது. கூலித் தொழிலாளியின் வயிற்றுக்கே போகும்.