புகையில் சாகாத கொசு

ஜூன் மாதத்தில் இரண்டு மழை பெய்துவிட்டால் அல்வாலின் அடுக்ககக் குழுக்களில் ஒரே பேச்சுதான். "புகை அடிக்கிறவங்க இன்னும் நம்ம தெருவுக்கு வரலையே?" ஒருவர் கேட்பார், பத்துப் பேர் ஆமோதிப்பார்கள். கொத்த செருவு ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கும் படத்தை இன்னொருவர் போடுவார். 2007இல் ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைந்த பகுதி அல்வால். கண்டோன்மெண்ட், லோத்குண்டா, போலாரம் வரை தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுப் பேச்சு எந்த மொழியில் நடந்தாலும் கொசுவைப் பற்றிய நம்பிக்கைகள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். கொசுவால் பரவும் நோய்களுக்கான தேசியத் திட்ட ஆவணங்கள் சொல்வதோ வேறு.

"ஏரியும் சாக்கடையும்தான் டெங்குவுக்குக் காரணம்"

இல்லை. ராத்திரி காதருகே ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ். அழுக்குத் தண்ணீரில் பெருகும் இது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. ஏரியில் ஆகாயத்தாமரையை அகற்றுவதும், ட்ரோனில் மருந்து தெளிப்பதும் இந்தத் தொல்லையைக் குறைக்கும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் எஜிப்தி ஏரிப் பக்கமே போவதில்லை. பகலில் கடிக்கும் கொசு அது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். உங்களைக் கடித்தது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளர்ந்ததாகத்தான் இருக்கும்.

எங்கே வளர்கிறது? குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிற ஊரில், மூடி சரியாகப் பொருந்தாத சம்ப், குளியலறை டிரம், மொட்டைமாடித் தொட்டி இவற்றில் வளர்கிறது. கோடை முடிந்து பால்கனிக்குத் தள்ளிய ஏர்கூலரின் அடித்தட்டில் நாலு விரற்கடைத் தண்ணீர் மிஞ்சியிருக்கும். பஞ்சர் கடை வாசலில் பழைய டயர்கள் கிடக்கும். அல்வாலில் தெருவுக்கு ஒன்றாக எழும் புதுக் கட்டடங்கள் இன்னும் மோசம். தளம் போட்டதும் கியூரிங்குக்காகப் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர், லிஃப்ட் குழியில் தேங்கும் தண்ணீர் எல்லாமே ஏடிஸுக்குத் தொட்டில்.

டார்ச் அடித்துக் கூலர் தட்டைப் பாருங்கள். தலைகீழாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டு, நிழல் விழுந்ததும் நெளிந்து அடியில் இறங்குகிற சின்னச் சின்ன ஏடிஸ் புழுக்கள் தெரியும். நீர்மட்டத்துக்குப் படுக்கையாக ஒட்டிக்கிடந்தால் அது அனாபிலிஸ், மலேரியாக் கொசு. தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளாவது ஆகும். வெள்ளிக்கிழமை 'உலர் தினம்' என்று வாரத்துக்கு ஒருமுறை வைத்திருப்பது அந்தக் கணக்கில்தான்.

"புகை அடித்தால் போதும்"

புகைமருந்து பறக்கிற கொசுவின் மேல் பட்டால்தான் அதைக் கொல்லும். தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் ஓய்வெடுப்பது வீட்டுக்குள், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில். புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? கதவு ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்துகிறோம். கொசு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் தேசிய வழிகாட்டுதல் புகையை நோய் வெடித்த இடத்துக்கான அவசரக் கருவியாக மட்டுமே வைத்திருக்கிறது. அன்றாட வேலை புழு ஒழிப்புதான். ஆனால் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தோடு தொட்டி தொட்டியாக ஏறி இறங்கும் பணியாளர் யார் கண்ணிலும் படுவதில்லை. புகை தெருவுக்கே தெரிகிறது, வாக்காளருக்கும் தெரிகிறது. கவுன்சிலர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கேட்பது நாம்தானே.

"மலேரியாவை அடக்கிய நாடு, டெங்குவையும் அதே வழியில் அடக்கிவிடும்"

இதற்குள் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். அல்வாலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பேகம்பேட்டையில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். (கொசுக்கடி வழியாகப் பரவுவதை அவர் நிரூபித்தது அடுத்த ஆண்டு, கல்கத்தாவில், அதுவும் பறவைகளின் மலேரியாவில்.) சுதந்திரத்தின்போது இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958இல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. கிராமத்து அனாபிலிஸ் ராத்திரி ரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் போய் உட்காரும். சுவரில் டிடிடி அடித்தார்கள், செத்தது. 1960களின் நடுவில் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள்.

பிறகு அசந்தார்கள். டிடிடிக்குக் கொசு பழகியது, மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நகரத்து மேல்தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி பற்றி முதலில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்ததே 1971இல்தான். 1976இல் நோயாளிகள் 64 லட்சம். மறு ஆண்டு திருத்திய திட்டம் வந்தபோது, ஒழிப்பு என்ற இலக்கைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார்கள். 2016இல் அதைத் திரும்ப எடுத்து, 2030க்குள் மலேரியா இல்லாத நாடு என்று கெடு வைத்திருக்கிறார்கள். இந்த முறை நம்பலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2015இல் 11.69 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2023இல் 2.27 லட்சம். ஆஷா பணியாளர் கையில் உடனடிப் பரிசோதனை அட்டை, கூட்டு மருந்து, மருந்தூட்டிய கொசுவலை எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

அதே எட்டு ஆண்டுகளில் டெங்கு ஏறத்தாழ 1 லட்சத்திலிருந்து 2.89 லட்சமாக ஏறியது. மலேரியாவை வீழ்த்திய ஆயுதம் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. பகலில் கடிக்கும் கொசுவுக்கு ராத்திரி வலை எதற்கு? அது சுவரிலும் அதிகம் உட்காராது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது. அடுத்த ஆண்டே அங்கே 1.86 லட்சம் பேருக்கு டெங்கு, அந்நாட்டு வரலாற்றில் அதுவரை காணாத அளவு. ஒரு கொசுவை ஜெயித்த நிர்வாகம் அடுத்த கொசுவிடம் தோற்றது.

"பப்பாளி இலைச் சாறு குடித்தால் பிளேட்லெட் ஏறும்"

டெங்குவில் பிளேட்லெட் சில நாள் இறங்கிப் பிறகு தானாகவே ஏறும். ஏறும் நேரத்தில் கையில் எந்தக் கஷாயம் இருக்கிறதோ, அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. எண்ணிக்கையை மட்டுமே பார்த்துப் பதறி ரத்தப்பையைத் தேடி அலைவதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவது பற்றி யோசிக்கச் சொல்கிறது தேசிய வழிகாட்டுதல். உயிரை எடுப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். அது நடப்பது காய்ச்சல் விட்டபிறகு. "ஜுரம் இறங்கிடுச்சு, பயமில்லை" என்று வீட்டில் மூச்சு விடுகிற அந்த ஓரிரு நாள்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டிய நாள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப்போதல், சிறுநீர் குறைதல், இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடவே கூடாது.

"ஒருமுறை வந்தால் மறுபடி வராது"

டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த காப்பு. இரண்டாவதாக வேறு வகை வந்தால் நிலைமை கடுமையாகும் வாய்ப்பு அதிகம். உள்நாட்டுத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை ஐசிஎம்ஆரும் பனேசியா பயோடெக்கும் 2024 ஆகஸ்டில் தொடங்கின. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆரின் கொசு ஆய்வு மையம், வைரஸைப் பரப்பும் திறன் குறையும்படி வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறது. இரண்டும் கைக்கு வரும்வரை டிரம்மைத் தேய்ப்பதுதான் வழி.

டெங்குவுக்கான தேசியத் திட்டத்தில் என் குறை ஒன்றுதான். எழுதியதெல்லாம் சரி, ஆனால் பொறுப்பைச் சுமப்பது சுகாதாரத் துறை. தண்ணீர் எப்போது வரும் என்பதை முடிவு செய்வது குடிநீர் வாரியம். லிஃப்ட் குழிக்குப் பொறுப்பு கட்டட அனுமதி தருபவர். இவர்கள் இருவரையும் உள்ளே இழுக்காத டெங்குத் திட்டம் அரைத் திட்டம். தினமும் குழாயில் தண்ணீர் வந்தால் பாதி டிரம்கள் வீட்டைவிட்டுப் போய்விடும். அடுத்த முறை உங்கள் குழுவிலிருந்து வார்டு அலுவலகத்துக்கு மனு போகும்போது, புகை கேட்கும் வரியை எடுத்துவிட்டு, தினசரித் தண்ணீரையும் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும் கட்டடங்களில் சோதனையையும் கேட்டு எழுதுங்கள்.