சிறு பெட்ரோல் எஞ்சினைப் பேணும் முறை

வேண்டும்பொழுது மட்டும் நினைக்கப்பட்டு, ஏனைக்காலத்தில் மூலையில் மறக்கப்படும் பொருள்கள் நம் இல்லங்களிற் பல உள. மின்சாரம் நின்றபோது விளக்கையும் நீர்ப் பம்பையும் இயக்க உதவும் சிறு பெட்ரோல் எஞ்சின் அவற்றுள் ஒன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்துக் கரைகடந்த கஜா புயலின்பின், காவிரிப் படுகையின் ஊர்கள் பல, நாள் பலவாக மின்சாரமின்றிக் கிடந்தன. நிலத்தடியில் நீர் இருந்தும் அதனை மேனிலைத் தொட்டிக்கு ஏற்றுதற்கு ஜெனரேட்டரையே நம்பவேண்டியதாயிற்று. அத்தகைய வேளையிற் கயிற்றை எத்துணை இழுப்பினும் எஞ்சின் உயிர்பெறாதொழியின், அதனை வாங்கிவைத்ததனாற் பயன் யாது? ஆதலின் அதனைப் பேணுதலும், பழுது கண்டறிதலும், சேமித்து வைத்தலுமாகிய மூன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இயங்கும் விதம்

ஜெர்மனி தேசத்து நிக்கோலஸ் ஆட்டோ என்பார் 1876-ஆம் ஆண்டில் அமைத்துக் காட்டிய நான்கு வீச்சு முறையே இன்றும் இவ்வெஞ்சின்களிற் பெரும்பாலனவற்றில் வழங்குகின்றது. பிஸ்டன் முதல் வீச்சிற் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளிழுக்கின்றது. இரண்டாவதில் அதனை அமுக்குகின்றது. அப்போது பிளக்கில் தோன்றும் பொறியால் அக்கலவை எரிந்து, மூன்றாம் வீச்சிற் பிஸ்டனைத் தள்ளுகின்றது. நான்காவதிற் புகை வெளியேறுகின்றது. ஆகவே எஞ்சின் இயங்குதற்குத் தக்க அளவிற் கலந்த காற்றும் பெட்ரோலும், நல்ல அமுக்கமும், காலத்தில் தோன்றும் பொறியும் இன்றியமையாதன. இவற்றுள் ஒன்று குறையினும் எஞ்சின் நிற்கும். இதனை மனத்திற் கொண்டார்க்குப் பழுது காண்டல் அரிதன்று.

நாட்பட்ட பேணுதல்

எஞ்சினுக்கு ஆயிலே உயிர்நாடி. ஒவ்வொரு முறையும் இயக்குமுன் எஞ்சினைச் சமதரையில் நிறுத்தி ஆயிலின் மட்டத்தைப் பார்த்தல்வேண்டும். புது எஞ்சினில் முதல் 20 மணி நேர ஓட்டத்திற்குப்பின் ஆயிலை மாற்றுதலும், பின்னர் 100 மணிக்கு ஒரு முறையோ ஆறு மாதத்திற்கு ஒரு முறையோ மாற்றுதலும் பல எஞ்சின்களுக்குப் பொதுவான விதி. தத்தம் எஞ்சினோடு வந்த கைப்புத்தகத்தின் விதியே முடிவானது. எஞ்சின் சற்றுச் சூடாயிருக்கும்போது வடித்தால் அழுக்கும் உடன் வெளிவரும். இரண்டு வீச்சு எஞ்சினுக்கோ, ஆயிலைப் பெட்ரோலிலேயே குறித்த அளவிற் கலத்தல்வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றிற்குக் கொள்ளலாகாது.

காற்று வடிகட்டியாகிய ஏர் பில்டரை 50 மணிக்கொரு முறையும், புழுதி மிக்க இடத்தில் இன்னும் அடிக்கடியும் துப்புரவு செய்க. அஃதின்றி எஞ்சினை இயக்குதல், மணலை வாயிலிட்டு மெல்லுதல் போலாம். சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் விரைவில் தேய்ந்தொழியும்.

பழுது கண்டறிதல்

எஞ்சின் இயங்காவிடின் உடனே திருப்புளியை எடுத்தல் தகாது. சுவிட்சு இயங்கும் நிலையில் உள்ளதா, பெட்ரோல் குழாய் திறந்துள்ளதா, தொட்டியிற் பெட்ரோல் உண்டா, ஆயில் போதிய அளவு உள்ளதா என முறையே பார்க்க. ஆயில் குறைந்தாற் பொறி எழாதவாறு தடுக்கும் அமைப்பு இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் உண்டு.

இவை செவ்வனே இருப்பின், சிலமுறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றி நோக்குக. அது உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதும், நனைந்திருப்பின் அளவுக்கு மிஞ்சி வந்ததென்பதும் பெறப்படும். நனைந்ததாயின் உலர்த்தி, சோக்கைத் திறந்துவிட்டு மீண்டும் முயல்க. கரிபடிந்த பிளக் பெட்ரோல் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். இளம்பழுப்பு நிறம் நல்ல நிலைக்கு அறிகுறி. பிளக்கின் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருத்தல்வேண்டும்.

சோக்கு மூடியிருக்கும்போது மட்டும் ஓடித் திறந்தவுடன் நிற்குமாயின், கார்புரேட்டரின் ஜெட்டில் அடைப்புண்டென ஐயுறுக. ஜெட்டைக் கம்பியாற் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும். அதற்குரிய திரவத்தாற் கழுவிக் காற்றால் ஊதுதலே நன்று. சில நிமிடம் ஓடித் தானே நிற்குமாயின், பெட்ரோல் தொட்டியின் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க. அப்போது ஓடுமாயின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டதென்பது தெளிவு. நீலம் பாய்ந்த புகை, ஆயில் எரிவதைக் காட்டும்.

சேமித்து வைத்தல்

எஞ்சின்கள் கெடுவது ஓடுவதனால் மட்டுமன்று; சும்மா கிடப்பதனாலும் கெடுகின்றன. நாட்பட்ட பெட்ரோல் தன் ஆவியாகும் பகுதியை இழந்து, காற்றுப்பட்டுப் பிசினாக மாறி, ஜெட்டின் நுண்துளையை அடைக்கும். அன்றியும் நம் நாட்டிற் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகின்றது. 2025-ஆம் ஆண்டில் அக்கலப்பு 100-க்கு 20 என்னும் அளவை எட்டிற்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. நீர் மிகுமாயின் இரண்டும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும்; அதனால் உலோகப் பகுதிகள் அரிக்கப்படும்.

ஆதலின், ஒரு மாதத்திற்குமேல் எஞ்சின் வேண்டாதெனின், தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுக; பின் கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி எஞ்சியதையும் வடிக்க. எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் ஒரு சிறு கரண்டி ஆயிலை விட்டு, கயிற்றை மெல்லச் சிலமுறை இழுத்துப் பிளக்கை மாட்டுக. முடிவில் இழுப்புக்கு எதிர்ப்புத் தோன்றும் இடத்திற் கயிற்றை நிறுத்துக. அந்நிலையில் வால்வுகள் இரண்டும் மூடியிருக்குமாதலின் ஈரம் உட்புகாது. பெட்ரோல் வாங்கிய நாளைக் கேனின்மீது குறித்துவைத்தல் நல்ல வழக்கம்.

உயிர்க்காப்பு

இறுதியாகக் கூறுவது யாவற்றினும் தலையாயது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. அது பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மூடிய அறையிலோ, தாழ்வாரத்திலோ, சன்னலருகிலோ எஞ்சினை இயக்கி உறங்கினோர் விழித்தெழாமலே மாண்டதுண்டு. எஞ்சினை வீட்டிற்கு வெளியே, வாயில் சன்னல்களினின்று 20 அடிக்குக் குறையாத தொலைவில் வைத்தே இயக்குக. சூடான எஞ்சினிற் பெட்ரோல் ஊற்றற்க. சேஞ்ச் ஓவர் சுவிட்சு இன்றி ஜெனரேட்டரை வீட்டு மின்கம்பியோடு இணைத்தலும் கொடிது. அம்மின்சாரம் பின்னோக்கிச் சென்று, புயலிற் சாய்ந்த கம்பத்தைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரைப் போக்கவல்லது.

நம் மாணவர் பலர் பௌதிக வகுப்பில் வாயுக்களின் அமுக்கத்தையும், ரசாயன வகுப்பில் எரிதலையும் கற்கின்றனர். விடுமுறையில் ஊர்சென்று, மூலையிற் கிடக்கும் எஞ்சினை ஒரு பெரியவரின் துணையுடன் திறந்து நோக்குவாராயின், அப்பாடங்கள் இரண்டும் அங்கே ஒருங்கே விளங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புரட்டாசியிலேயே அதனை ஒருமுறை இயக்கிப் பார்த்துவைத்தல் நலம். மழை வந்தபின் மெக்கானிக்கைத் தேடுதல், வெள்ளம் வந்தபின் அணை கோலுதலை ஒக்கும்.