கேட்கிற காதுக்கும் காவல் வேண்டும்



நாவைக் காக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். திருக்குறளில் 'புறங்கூறாமை' என்று ஓர் அதிகாரமே உண்டு. பைபிளில் நீதிமொழிகள் என்ற நூல் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்படியிருந்தும் புறணி நின்றபாடில்லை. ஏன்? சொல்கிற வாயைக் குறை கூறுகிற நாம், கேட்கிற காதை விட்டுவிடுகிறோம். இந்தப் பாடத்தில் அந்தக் காதைப் பற்றிப் பார்ப்போம்.

விறகு போடுவது யார்?

கோள் சொல்பவரை விறகுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம். விறகு இல்லாத அடுப்பு தானாகவே அணைந்துபோகும். சண்டையும் அப்படித்தான். விறகு சுமந்து பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாவு ஒரு சிறு தீப்பொறி, அது காட்டையே எரித்துவிடும் என்ற கருத்தில் யாக்கோபு தம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். வெயில் காலத்தில் மானாப்புல் பற்றி எரிவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

கொழும்பில் வேலை செய்கிற ஒரு பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு சரியில்லை, இரண்டு கிழமை வீட்டிலேயே இருக்கிறாள். பீலிக்கரையில் ஒருவர், "அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா? அந்தப் புள்ள ஏன் வந்திருக்குனு? யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்கிறார். அந்தி நேரத்துக்குள் அது மேல் லயத்துக்கும் போய்விடும். இன்றைக்குக் கைத்தொலைபேசியில் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒரு நொடியில் போய்விடுகிறது. பேசி வைத்த சம்பந்தம் முறிகிறது. தாய் வெட்கத்தில் பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள். கடைசியில் பார்த்தால் பிள்ளைக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான். பீலிக்கரையில் அதைக் கேட்ட அக்கா, "அப்படியா? நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

தாவீது ராஜா செய்த தவறு

பெரியவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 16ஆம், 19ஆம் அதிகாரங்களில் ஒரு சம்பவம் இருக்கிறது. தாவீதின் நண்பன் யோனத்தானுக்கு மேவிபோசேத் என்று ஒரு மகன். ஐந்து வயதில் கீழே விழுந்ததால் அவனுக்கு இரண்டு காலும் முடம். தாவீது அவனுக்குப் பாட்டனாரின் நிலத்தைக் கொடுத்து, அதைப் பயிரிடும் பொறுப்பை சீபா என்ற வேலைக்காரனிடம் விட்டிருந்தார்.

பிறகு தாவீதின் மகன் அப்சலோம் கலகம் செய்தான். ராஜா நகரத்தை விட்டு ஓட வேண்டியதாயிற்று. வழியில் சீபா அப்பமும் பழமும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு வந்து, "என் எஜமான் உங்கள் பக்கம் இல்லை, ராஜ்யம் தனக்குத் திரும்பி வரும் என்று எருசலேமிலேயே உட்கார்ந்திருக்கிறான்" என்ற விதமாகச் சொன்னான். தாவீது விசாரிக்கவே இல்லை. அந்த இடத்திலேயே நிலம் முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிட்டார்.

கலகம் அடங்கி ராஜா திரும்பியபோது மேவிபோசேத் எதிர்கொண்டு வந்தான். ராஜா போன நாள் முதல் அவன் தாடியைத் திருத்தவில்லை, உடுப்பைத் துவைக்கவில்லை. தன் வேலைக்காரன் தன்னை ஏமாற்றிவிட்டு, ராஜாவிடம் இல்லாததைச் சொன்னான் என்றான். அதன் பிறகும் தாவீது நிலத்தை இருவருக்கும் பங்கு போடத்தான் சொன்னார். ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்டதால் வந்த வினை இது. வழக்கில் முதலில் பேசுகிறவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் தோன்றும், மற்றவர் வந்த பிறகே உண்மை தெரியும் என்பது நீதிமொழிகள் 18ஆம் அதிகாரத்தின் புத்தி.

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா?

அப்படியில்லை. கோள் வேறு, முறைப்பாடு வேறு. ஒரு வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறது, ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடக்கிறது, கொழுந்து நிறுவையில் கணக்குப் பிழைக்கிறது என்றால் சும்மா இருப்பது பாவம். வாயற்றவர்களுக்காகப் பேச வேண்டும் என்று நீதிமொழிகள் 31ஆம் அதிகாரமே சொல்கிறது. ஆனால் அதைத் தீர்க்கக்கூடியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். தலைவரிடமோ, நலன்புரி உத்தியோகத்தரிடமோ, பொலிசிலோ சொல்வது முறைப்பாடு. பீலிக்கரையில் சொல்வது கோள்.

நாம் செய்யக்கூடியவை

1. "நீங்க பாத்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்போம். கேள்விப்பட்டது என்றால் நம்மோடு நிற்கட்டும்.

2. மனத்தாங்கல் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடம் தனியே போய்ப் பேசுவோம். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு காட்டிய முதல் படி அதுதான்.

3. "அவங்க இல்லாத நேரத்துல அவங்கள பத்தி வேணாம், வேற பேசுவோம்" என்று மரியாதையாகச் சொல்வோம்.

4. பரப்பியது பொய் என்று தெரிந்தால், யார் யாரிடம் சொன்னோமோ அத்தனை பேரிடமும் போய்த் திருத்துவோம்.

வீட்டில் கலந்து பேச

சீபா பேசியபோது தாவீது எந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்? இந்தக் கிழமை நம் காதுக்கு வந்த பேச்சில் எத்தனை நாமே கண்டவை?

லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். நாளைக்கு நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஓடி வருவது அடுத்த காம்பராக்காரர்தான். அவருடைய பெயரை நாம் காப்போம், நம்முடைய பெயரை அவர் காப்பார்.