உண்மையையும் சொல்ல வேண்டும், ஆளையும் இழக்கக் கூடாது: கிறிஸ்தவப் பேச்சுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சபைப் பொருளாளர் இரண்டு காலாண்டாகக் காணிக்கைக் கணக்கை வாசிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் பேச்சு நடக்கிறது. அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் கமிட்டியில் ஒருவர் வெடிக்கிறார். அடுத்த வாரம் முதல் பொருளாளர் குடும்பம் கோயிலுக்கு வருவதில்லை. முதலில் தயவு என்ற பெயரில் மௌனம், பிறகு உண்மை என்ற பெயரில் கோபம்.

எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் 25ஆம் வசனம் பொய்யை விட்டு மெய் பேசச் சொல்கிறது. நான்கு வசனம் தள்ளி, கேட்பவருக்குப் பயன்தரும் பேச்சையே பேசச் சொல்கிறது. அன்பு உண்மையின் அளவைக் குறைப்பதில்லை. யாரிடம், எங்கே, எப்போது, எந்தச் சொல்லில் என்பதை முடிவு செய்கிறது. அதைப் பழக ஐந்து படிகள்.

படி 1: தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரியுங்கள்

கணக்கு வாசிக்கப்படவில்லை என்பது தெரிந்தது. பணம் கைமாறிவிட்டது என்பது ஊகம். இரண்டையும் ஒரு தாளில் தனித்தனியே எழுதுங்கள். பேசப் போகும்போது முதல் பகுதி மட்டும் உங்களோடு வரட்டும்.

யோசுவா 22இல், யோர்தான் ஓரத்தில் சில கோத்திரத்தார் கட்டிய பலிபீடத்தைத் துரோகம் என்று எண்ணி மற்றவர்கள் போருக்குத் திரண்டார்கள். படை கிளம்புமுன் ஆசாரியரான பினெகாசையும் பத்துத் தலைவர்களையும் அனுப்பினார்கள். அது சாட்சிக்காகக் கட்டியது என்று விளங்கியதும் போர்ப்பேச்சே நின்றுபோனது.

படி 2: உங்கள் நோக்கத்தைச் சோதியுங்கள்

ஒரே கேள்வி போதும்: அவர் சரிசெய்துகொண்டால் எனக்குச் சந்தோஷமா, மாட்டிக்கொண்டால் சந்தோஷமா? இரண்டாவது என்றால் அன்று போகாதீர்கள். கலாத்தியர் 6:1 தவறியவரைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தச் சொல்கிறது, அவமானப்படுத்த அல்ல.

அதற்காக ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. லேவியராகமம் 19:17, சகோதரனை உள்ளத்தில் பகைப்பதைத் தடுக்கும் அதே வசனத்தில் அவனைக் கண்டிக்கவும் சொல்கிறது. ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதலில் அவரிடம், தனியாக

மத்தேயு 18:15-17 வரிசை தெளிவானது: முதலில் தனியே, பிறகு ஓரிருவரோடு, கடைசியில் சபைக்கு. நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். அப்பொல்லோ போதித்ததில் குறை கண்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களிடம் அழைத்துச் சென்றுதான் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26).

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, சபை வாட்ஸ்அப் குழு. மற்றது, “ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்” என்று தொடங்கும் ஜெபக்குறிப்பு. பெயரோடு குறையைப் பரப்பினால் அது புறங்கூறுதல்தான்.

படி 4: முதல் வாக்கியங்களைத் தயார்செய்யுங்கள்

“அண்ணாச்சி, போன அசனத்துக்கு நீங்க ராத்திரி பகலா நின்னதை நான் பார்த்தேன். ரெண்டு காலாண்டா கணக்கு வாசிக்கலை. எனக்கு மனசுல உறுத்திக்கிட்டு இருக்கு, அதான் உங்ககிட்டயே கேக்க வந்தேன். ஏதும் சிரமமா? கூட உக்காந்து எழுதணும்னா நான் வாரேன்.”

உண்மையான பாராட்டு, நடந்தது, கேள்வி, உதவி: அவ்வளவுதான். “எல்லாரும் சொல்றாங்க” என்று பிறர் முதுகில் ஒளிய வேண்டாம். “எப்பவுமே இப்படித்தான்” என்பதும் வேண்டாம். அது செயலை விட்டு ஆளைக் குறிவைக்கும்.

பாராட்டு பொய்யாக இருக்கக் கூடாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் நன்றி சொல்லிவிட்டே பிரிவினைகளைக் கண்டிக்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது அந்த நன்றிப்பகுதியே இல்லை. வாழ்த்து முடிந்ததும் நேரே விஷயத்துக்கு வருகிறார்.

படி 5: பதிலைக் கேளுங்கள்

கேட்கத் தீவிரமும் பேச நிதானமும் வேண்டும் என்பது யாக்கோபின் ஆலோசனை (1:19). வீட்டில் யாருக்காவது நோய் இருக்கலாம். ரசீதுகள் தணிக்கையாளரிடம் இருக்கலாம். அவர் கோபப்பட்டால் வாதாடாமல், “யோசிச்சுப் பாருங்க, அடுத்த வாரம் வாரேன்” என்று எழுந்துவிடுங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால் ஓரிருவரை அழைத்துச் செல்லுங்கள். அது சபையாரின் காணிக்கை. அவர் மனம் நோகும் என்பதற்காகக் கேள்வியைக் கைவிட முடியாது.

இந்த வரிசை பொருந்தாத இடங்கள்

குழந்தைக்குப் பாலியல் தீங்கு என்றால் தனியே பேசிப் பார்ப்பது தவறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. வீட்டில் அடி வாங்கும் பெண்ணை, அடிப்பவரிடம் தனியே பேசச் சொல்லி அனுப்பாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

சாவு வீட்டில் விளக்கமே வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள்; காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவனை நோகடித்தார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

பணம், ஒழுக்கம் போன்ற பெரிய விஷயங்களில் முதல் பயிற்சி வேண்டாம். பாடகர் குழுப் பயிற்சிக்குத் தாமதமாக வரும் நண்பரிடம் தொடங்குங்கள். உங்கள் குறையைச் சொல்ல ஒருவர் தனியே வந்தால், பதில் சொல்லுமுன் அவருக்கு நன்றி சொல்லுங்கள். வாசலில் பேசாமல் உங்களிடமே வந்திருக்கிறார் அல்லவா?