மூன்றாவது கம்பியை வெட்டாதீர்கள்



அண்மையில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், ஐந்து குடும்பங்கள் மாறி மாறிப் பாவிக்கும் நீர்ப்பம்பி ஒன்றைக் கண்டோம். அதன் பிளக் உடைந்திருந்தது. இரண்டு வயர்களைப் பிளக் பொயின்றில் செருகி, தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். பச்சை மஞ்சள் வயரை வெட்டி விட்டிருந்தார்கள். “அது இல்லாமலும் பம்பி ஓடுகிறதே” என்றார் ஒருவர். ஓடும், உண்மைதான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

1990 முதல் 2009 வரை மன்னார் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தோம். மண்ணெண்ணெய் விளக்கோடும் மண்ணெண்ணெய் இயந்திரத்தோடும் வாழ்ந்த பலருக்கு மின்பம்பி புதிய துணை. அதை அறிந்து கையாள வேண்டும்.

மூன்று கம்பிகளின் வேலை

உயிர்க்கம்பி மண்ணிறம். மின்சாரம் இதன் வழியே வருகிறது. நொதுமல் கம்பி நீலம். மின்சாரம் இதன் வழியே திரும்புகிறது. புவிக்கம்பி பச்சை மஞ்சள். பழைய வயர்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை.

புவிக்கம்பிக்கு நல்ல நாளில் வேலை இல்லை. பம்பிக்குள் வயரின் உறை பழுதாகி, இரும்பு உடலில் மின்சாரம் ஏறும் நாளில்தான் அதற்கு வேலை. அப்போது மின்சாரம் அதன் வழியே வீட்டின் புவிக்கோலுக்குப் போகும். ட்ரிப் சுவிச் உடனே விழும். அந்தக் கம்பி இல்லாவிட்டால், ஈரக்காலோடு பம்பியைத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும். ஓர் அம்பியரின் நூறில் மூன்று பங்கு மின்சாரமே ஆளைக் கொல்லக்கூடும். 13 அம்பியர் உருகி, அதாவது பியூஸ், அதற்கு அசையாது.

பிளக் மாற்றும் முறை

1. சுவிச்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கையும் நிலமும் காய்ந்திருக்கட்டும்.

2. வயரை முழு நீளத்துக்கும் பாருங்கள். வெடிப்போ ரேப் சுற்றிய ஒட்டோ இருந்தால் முழு வயரையும் மாற்ற வேண்டும். ஒரு குதிரைவலுப் பம்பிக்கு 1.5 சதுர மில்லிமீற்றர், மூன்று கம்பி, தடித்த இறப்பர் உறை கொண்ட வயர் நல்லது. பம்பிப் பக்கத்து இணைப்பை மின்வேலை தெரிந்தவரே செய்யட்டும்.

3. 13 அம்பியர் சதுரப் பின் பிளக் வாங்குங்கள். இதையே நாட்டின் பொதுத் தரமாக இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2016 இல் அறிவித்தது.

4. மூடியைக் கழற்றி, நீண்ட பின் மேலே இருக்கும்படி உட்புறத்தைப் பாருங்கள். மேலே பச்சை மஞ்சள், இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் உருகியோடு சேர்ந்த இடத்தில் மண்ணிறம். பச்சை மஞ்சள் வயரைச் சற்று நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டால் அது கடைசியாகவே கழல வேண்டும்.

5. செப்பு இழைகளை முறுக்கி, ஓர் இழையும் வெளியே நிற்காமல் திருகாணியை இறுக்குங்கள்.

6. பிளக்கின் பிடி, வயரின் வெளியுறையைக் கவ்வ வேண்டும். உள் வயர்களை அல்ல.

7. 700 வாற்றுக்குக் குறைந்த கருவிக்குப் பொதுவாக 3 அம்பியர் உருகி, அதற்கு மேல் 13. மோட்டர் தொடங்கும்போது அதிக மின்சாரம் இழுக்கும். ஆகவே அதன் கையேட்டில் உள்ளதையே போடுங்கள். உருகிக்குப் பதிலாகக் கம்பித் துண்டோ ஈயத்தாளோ வேண்டாம்.

பேசாலை, தலைமன்னார், சிலாவத்துறை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்யும். களிம்பு பிடித்த இணைப்பு சூடேறும், பிளக் கருகும். அத்தகைய பிளக்கைச் சுரண்டிப் பாவிக்காமல் மாற்றிவிடுங்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் உடனே திருத்துவியுங்கள்.

எவரையாவது மின்சாரம் பிடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள்.

பொதுக் கருவி எல்லாருக்கும் சொந்தம்; ஆனால் பழுது பார்க்க யாருக்கும் பொறுப்பில்லை என்ற நிலை வரக்கூடாது. எத்தனையோ இடப்பெயர்வுகளில் காத்துக் கொண்டுவந்த உயிரை, ஒரு பிளக்கின் விலையை மிச்சம்பிடித்துக் கிணற்றடியில் இழக்கலாமா?

கூடிக் கலந்துரையாட

1. நம் கிராமத்தின் பொதுக் கருவிகளில் எவற்றுக்குப் பிளக் இல்லை, எவற்றில் மூன்றாவது கம்பி வெட்டப்பட்டிருக்கிறது?

2. மாதம் ஒருமுறை அவற்றைப் பார்க்கும் பொறுப்பை யார் ஏற்பார்? பிளக்கும் வயரும் வாங்க எந்தச் சேமிப்பிலிருந்து பணம் எடுப்போம்?